ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஒரு மானிட்டர்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 47. பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். பிடிஎஃபாக அனுப்புவார்கள், அதிலேயே குறித்துத் திருப்பி அனுப்புவேன். ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் 15.6 இஞ்ச் லேப்டாப்பில் குனிந்தே கிடப்பதால் கழுத்து வலி தாங்கவில்லை. பைஃபோகல் கண்ணாடி போட்டிருக்கிறேன். பெரிய மானிட்டர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். டிவி பழுதாகி ஒரு வருடம் ஆகிறது, எனவே ராத்திரியில் அப்பாவுக்குப் பழைய படமும் கிரிக்கெட்டும் இதிலேயே போட்டுக் கொடுக்க வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று 32 இஞ்ச் 4கே, தட்டையான ஐபிஎஸ் வகைத் திரை, 60 ஹெர்ட்ஸ். இன்னொன்று 34 இஞ்ச் அல்ட்ராவைடு, வளைந்த விஏ வகைத் திரை, 3440 × 1440 பிக்சல், 100 ஹெர்ட்ஸ். இரண்டும் 30 ஆயிரத்தை ஒட்டித்தான். என் தம்பி வளைந்ததைத்தான் வாங்கச் சொல்கிறான். லேப்டாப் 2019இல் வாங்கியது. எதை வாங்கட்டும்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, 32 இஞ்ச் 4கே வாங்குங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் லேப்டாப்பில் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் லேப்டாப் தேறவில்லை என்றால் என் பதில் மாறிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன், தயவுசெய்து பாதியில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

தம்பி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வளைந்த அகலத் திரையைக் கடையில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருப்பது கடலும் மலையும் காட்டும் வீடியோ. நீங்கள் பார்க்கப்போவது 11 பாயின்ட் தமிழ் எழுத்து, அதுவும் நாள் முழுக்க.

கெட்டான், கேட்டான். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருப்பது கொம்பின் அடியில் ஒரு சின்னச் சுழி. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பதைக் கண் அந்தச் சுழியில்தான் பிடிக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரிலேயே பாருங்கள், கோட்டையா கொட்டையா என்பது அந்தச் சுழியில்தான் நிற்கிறது. சாதாரண 24 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில் பக்கத்தை 100 சதவீதத்தில் வைத்தால் 11 பாயின்ட் எழுத்து முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 15 பிக்சல் உயரம்தான் கிடைக்கும். அதில் கொம்பின் சுழிக்கு மூன்று, நான்கு பிக்சல் மிஞ்சும். மூன்று பிக்சலில் ஒரு சுழிக்குள் இன்னொரு சுழியை எப்படி வரைவது? இரண்டும் ஒரே சாம்பல் நிறப் பொட்டாகத்தான் தெரியும். புள்ளியும் அப்படித்தான். மேல்வரியின் கால் எங்கே முடிகிறது, கீழ்வரியின் புள்ளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஜூம் செய்து ஜூம் செய்து பார்க்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்த நாட்கள். 15 இஞ்ச் பழைய குழாய் மானிட்டர், 1024 × 768. கல்யாண அழைப்பிதழ் ஒன்றை அவசரமாக முடித்துத் தர வேண்டியிருந்தது. வழக்கமாக லேசர் பிரின்ட் எடுத்துத் தாளில் வைத்துப் பார்ப்போம். அன்றைக்கு நேரமில்லை என்று திரையிலேயே பார்த்துவிட்டு பிளேட்டுக்கு அனுப்பிவிட்டேன். திருவளர்ச்செல்வி என்பது திருவளர்ச்சேல்வி என்று 500 பிரதி அச்சாகி வந்தது. பெண்ணின் அப்பா கோபப்படக்கூட இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி அடித்துக் கொடுத்தோம், செலவு என் சம்பளத்தில் போனது. அன்றிலிருந்து ஒரு திரையை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது கொம்பைத்தான்.

இப்போது உங்கள் இரண்டு மானிட்டருக்கும் வருவோம். ஒரு இஞ்ச் நீளத்தில் எத்தனை பிக்சல் அடங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 24 இஞ்ச் ஃபுல் எச்டியில் (1920 × 1080 பிக்சல்) 92. நீங்கள் சொல்லும் 34 இஞ்ச் அல்ட்ராவைடில் 110. பெட்டியில் 32 என்று போட்டாலும் பெரும்பாலும் அளவு 31.5 இஞ்ச்தான், அந்த 4கே திரையில் (3840 × 2160 பிக்சல்) 140. உங்கள் லேப்டாப் 15.6 இஞ்ச் ஃபுல் எச்டி என்றால் அதில் ஏற்கெனவே 141 இருக்கிறது. அதாவது லேப்டாப்பில் பழகிய கூர்மையை 32 இஞ்ச் 4கே அப்படியே கொடுக்கும். அல்ட்ராவைடுக்குப் போனால் அதைவிடக் குறைந்த கூர்மைக்கு இறங்குகிறீர்கள்.

4கேயில் எழுத்து பொடியாகத் தெரியுமே என்று பலர் பயப்படுகிறார்கள். விண்டோஸ் அமைப்பில் ஸ்கேல் என்ற இடத்தில் 150 சதவீதம் வையுங்கள். எழுத்தின் அளவு 24 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில் பார்க்கும் அளவுக்கே வந்துவிடும். ஆனால் அதே எழுத்தை வரைய இரண்டேகால் மடங்கு பிக்சல் கிடைக்கிறது. மூன்று பிக்சல் உயரம் இருந்த சுழிக்கு நாலரை கிடைத்தால் அதற்குள் வளைவு தெரிய ஆரம்பித்துவிடும். அல்ட்ராவைடை 100 சதவீதத்தில் வைத்தால் எழுத்து இதைவிடச் சிறுத்துப்போகும், 125 வைத்தால் அகலம் என்று எதற்காகப் பணம் கொடுத்தீர்களோ அது குறைந்துவிடும்.

இன்னொரு விஷயம், உயரம். 34 இஞ்ச் என்றதும் பெரியது என்று தோன்றும். ஆனால் அதன் உயரம் 13 இஞ்ச் சொச்சம், அதாவது ஒரு 27 இஞ்ச் மானிட்டரின் உயரம்தான். 32 இஞ்சுக்கு 15.4. ஏ4 தாள் 11.7 இஞ்ச். மேலே மெனு, கீழே டாஸ்க்பார் என்று கழித்துவிட்டால் அல்ட்ராவைடில் ஒரு ஏ4 பக்கம் அசல் அளவில் இழுபறியாக நிற்கும், அடிக்குறிப்பு உள்ள பக்கமென்றால் கடைசி வரிக்கு உருட்ட வேண்டிவரும். 32 இஞ்சில் தலைப்பு முதல் பக்க எண் வரை முழுப் பக்கம் அசல் அளவில் நிற்கும், பக்கத்திலேயே மூலப்பிரதியையும் திறந்துவைக்கலாம். மெய்ப்புப் பார்ப்பவருக்கு இது பெரிய நிம்மதி. பத்தி எங்கே உடைகிறது, பக்கத்தின் தலையில் ஒற்றை வரி தொங்குகிறதா என்பதெல்லாம் முழுப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். வளைந்த திரையில் அட்டவணைக் கோடுகள் லேசாக வளைந்து தெரிவதும் எனக்குப் பிடிப்பதில்லை. பழகிவிடும் என்பார்கள். கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக இருப்பவர் ஏன் அதைப் பழக வேண்டும்?

சரி, அப்பாவுக்கு வருவோம். பழைய படம் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களெல்லாம் கிட்டத்தட்ட சதுரமான பிம்பம்தான். அதை அல்ட்ராவைடில் போட்டால் இரண்டு ஓரத்திலும் ஆறரை இஞ்சுக்கு மேல் கறுப்புப் பட்டை விழும். நடுவில் 18 இஞ்ச் அகலத்தில்தான் படம். 32 இஞ்சில் அதே படம் 21 இஞ்ச் அகலத்தில் வரும். கிரிக்கெட் ஒளிபரப்பு 16:9. அல்ட்ராவைடில் அது 27 இஞ்ச் மானிட்டரில் பார்க்கிற அளவுக்குச் சுருங்கிவிடும். 32 இஞ்சில் திரை முழுக்க நிறையும், பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கும். அகலத் திரைக்கென்றே எடுத்த சினிமாஸ்கோப் படங்களுக்கு மட்டும் அல்ட்ராவைடு ஜெயிக்கும், அங்கே நிஜமாகவே பிரமாதமாக இருக்கும். அப்பா பார்ப்பது அதிகமும் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அவர் எங்கே உட்கார்ந்து பார்ப்பார் என்பதையும் யோசியுங்கள். பெரும்பாலும் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கொஞ்சம் பக்கவாட்டில். விஏ திரையை நேராகப் பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், பக்கவாட்டில் போனால் படம் வெளிறும். வளைவும் நேரே நடுவில் உட்காரும் ஒருவருக்காகச் செய்ததுதான். ஐபிஎஸ் திரையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது.

ஐபிஎஸ்ஸில் நீங்கள் இழப்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000க்கு 1, விஏவுக்கு 3000க்கு 1 வரை வரும். விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தால் ஐபிஎஸ்ஸில் இருட்டுக் காட்சிகள் கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல இருக்கும். மூலைகளில் இலேசான வெளிச்சம் தெரியும். இதற்கு எளிய வழி, மானிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்க்க ஒரு சின்ன எல்இடி விளக்கை எரியவிடுவது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் திரையின் சாம்பல் கறுப்பாகத் தெரியும். அப்பாவுக்கும் ராத்திரி எழுந்து நடக்க வெளிச்சம் இருக்கும்.

60 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா, அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். பக்கத்தை உருட்டும்போது 100 வழுக்கிக்கொண்டு போகும், உண்மைதான். சினிமா நொடிக்கு 24 படம். 24 என்பது 60இலும் சரியாக வகுபடாது, 100இலும் வகுபடாது. அதனால் படம் பார்க்க 100இல் தனி ஆதாயம் இல்லை.

இப்போது அந்தச் சோதனை. இதை விட்டுவிட்டு வாங்கினால் எல்லாம் வீண். 2019 வாக்கில் வந்த நடுத்தர விலை லேப்டாப்கள் பலவற்றில் மானிட்டருக்குப் படம் அனுப்பும் கேபிளைச் செருக இருப்பது எச்டிஎம்ஐ 1.4 துளை. அது 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60 தடவை அனுப்ப எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். 30இல் சினிமா ஓடிவிடும், ஆனால் வேலை செய்ய முடியாது. மவுஸை நகர்த்தினால் அம்பு ஒரு கணம் தாமதித்துத் தாவித் தாவி வரும், கர்சரைச் சரியாக ஒரு எழுத்துக்கு முன்னால் கொண்டு வைப்பதற்குள் சலித்துவிடும். என் வீட்டிலேயே இது நடந்தது. அண்ணன் மகளுக்கு 4கே மானிட்டர் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் எல்லாம் ஓடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்து நாள் அவள் தலைவலி தலைவலி என்றாள். கண்ணைப் பரிசோதிக்கக்கூட கூட்டிப்போனோம். பிறகுதான் அமைப்பைத் திறந்து பார்த்தேன், 30 ஹெர்ட்ஸ். அவளுடைய லேப்டாப்பில் அதற்கு மேல் வழியே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சொந்தக்காரர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 4கே டிவி இருந்தால் லேப்டாப்பையும் நல்ல எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். இணைத்துவிட்டு விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பு, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே திரை 3840 × 2160 என்று இருக்கும்போது ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 60 வருகிறதா என்று பாருங்கள். சில டிவிகளில் ஒரு குறிப்பிட்ட துளையில்தான் 60 வரும், அல்லது டிவியின் அமைப்பில் அந்தத் துளைக்கு அதைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அதனால் எல்லாத் துளையிலும் செருகிப் பாருங்கள். 60 வந்தால் கவலையில்லை. 30 மட்டும்தான் வந்தால் லேப்டாப்பில் டைப் சி துளை இருக்கிறதா, அது படத்தையும் அனுப்புமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். அனுப்பும் என்றால் டைப் சியிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று போதும். தகவலுக்கும் சார்ஜுக்கும் மட்டுமே பயன்படும் டைப் சி துளைகளும் உண்டு, துளையின் வடிவத்தைப் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

இரண்டு வழியும் அடைத்துவிட்டது என்றால் 32ஐயும் 34ஐயும் மறந்துவிடுங்கள். 27 இஞ்சில் 2560 × 1440 ஐபிஎஸ் மானிட்டர் வாங்குங்கள். எச்டிஎம்ஐ 1.4 அதை 60 ஹெர்ட்ஸில் தாராளமாக ஓட்டும். இஞ்சுக்கு 109 பிக்சல், அதாவது அல்ட்ராவைடின் கூர்மைதான், ஆனால் விலை குறைவு. மிச்சப்படும் பணத்தை அடுத்த லேப்டாப்புக்குப் போடுங்கள்.

கண்ணாடியைப் பற்றியும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், மன்னிக்கவும். 47 வயதில் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். பைஃபோகலின் கீழ்ப்பகுதி கையில் பிடித்த புத்தகத்துக்கானது, ஒரு முழத்துக்கும் குறைவான தூரம். மேல்பகுதி எட்டப் பார்ப்பதற்கு. பெரிய மானிட்டர் நிற்கும் தூரம் இரண்டுக்கும் நடுவில், 70, 75 சென்டிமீட்டர். அதைத் தெளிவாகப் பார்க்க நீங்கள் தாடையைத் தூக்கிக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். இப்போது குனிந்து வலிக்கும் கழுத்து அப்புறம் நிமிர்ந்து வலிக்கும். மானிட்டர் வந்ததும் உட்காரும் இடத்திலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்துகொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். இந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்கு ஆகும் செலவையும் பட்ஜெட்டில் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். உயரத்தை மாற்றக்கூடிய ஸ்டாண்ட் உள்ள மாடலாகப் பாருங்கள், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. மேஜை இரண்டடி ஆழம்தான் என்றால் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுங்கள், ஸ்டாண்டின் பின்பக்கம் அந்த இடைவெளியில் நிற்கும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 32 இஞ்சுக்கு மேல் போனால் ஜிஎஸ்டி 28 சதவீதம், 32 வரை 18 என்று முன்பு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்குமே 18தான். பழைய கணக்கைச் சொல்லி யாராவது விலை சொன்னால் பில்லில் வரியைப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் நீங்கள் திருத்திய ஒரு புத்தகத்தின் பிடிஎஃபை எடுத்துப் போங்கள். அடிக்குறிப்பு நிறைய உள்ளதாக இருக்கட்டும். இரண்டு மானிட்டரிலும் அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் படியுங்கள். நின்றுகொண்டே பார்த்துவிட்டு வரக் கூடாது. தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 43 இஞ்ச் 4கே டிவி வாங்கி அதையே மானிட்டராகவும் வைத்துக்கொள்ளலாமா? கணக்கு எழுதும் வேலை, சாயங்காலம் பாட்டு, படம்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எக்செல் கட்டங்களுக்கு இடம் தாராளமாக இருக்கும். இஞ்சுக்கு 102 பிக்சல் வரும், மோசமில்லை. ஆனால் பல டிவிகள் நிறத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகக் காட்டாமல் பக்கத்துப் பிக்சல்களோடு பங்கு போட்டுக் காட்டும். படத்தில் அது தெரியாது, எழுத்தில் தெரியும். சிவப்பில் எழுதிய எண்ணின் ஓரம் கசிந்தாற்போல இருக்கும். நெகட்டிவ் தொகையைச் சிவப்பில் போடும் உங்களைப் போன்றவர்களுக்கு அது தொல்லை. டிவியின் அமைப்பில் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரை பிசி என்று மாற்றினால் சில டிவிகளில் சரியாகிவிடும். கடையில் லேப்டாப்பை இணைத்து, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேஜையும் மூன்றடி ஆழமாவது வேண்டும். 32 இஞ்ச் டிவி என்றால் வேண்டவே வேண்டாம், மலிவு விலையில் வருபவற்றில் நிறைய 1366 × 768தான்.

கேள்வி: மென்பொருள் வேலை, வீட்டிலிருந்து. படம் பார்க்கிற ஆசையில் ஓஎல்இடி மானிட்டர் வாங்க நினைக்கிறேன். சாதாரண ஐபிஎஸ்ஸே போதும் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: படத்துக்கு நீங்கள், வேலைக்கு உங்கள் மனைவி. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிந்து தானே அணையும், அதனால் கறுப்பு முழுக் கறுப்பு. ஆனால் ஒரே டாஸ்க்பார், ஒரே எடிட்டர் ஜன்னல் எட்டு மணி நேரம் அசையாமல் நின்றால், வருடக்கணக்கில் அதன் தடம் திரையில் தங்கிவிடும் அபாயம் உண்டு. பிக்சலுக்குள் நிறங்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறாக இருப்பதால் சில ஓஎல்இடி திரைகளில் எழுத்தின் ஓரத்தில் லேசான நிறக் கோடும் தெரியும். நாளின் பெரும்பகுதி நிரல் எழுதத்தான் போகிறது என்றால் ஐபிஎஸ் வாங்குங்கள். ஓஎல்இடிதான் என்று முடிவு செய்துவிட்டால் வாரன்ட்டி அட்டையில் இந்தத் தடம் விழுவதும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்து, பின்னணியைக் கறுப்பாக்கி, ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி அமையுங்கள். ராத்திரி மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். திரை தன்னைச் சரிசெய்துகொள்வது நீங்கள் அதை அணைத்த பிறகுதான், அதற்கு மின்சாரம் வேண்டும்.